காலை வாரச் சொன்ன ஆசான்

பங்குனி போய்ச் சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து வயல்களில் வேலை இராது. தாளடி அறுத்து, அந்தத் தாளுக்குள் தெளித்த உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்திருக்கும். மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு இன்னும் நாள் இருக்கும். காவிரியும் அரசலாறும் வெண்ணாறும் வெறும் மணலாகக் கிடக்கும். அந்த ஓய்வில்தான் ஊர்த் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் படிப்பார்கள். கோவிலுக்கு முன்னால் கீற்றுப் பந்தல் போட்டு, நாள் குறித்து, பிரசங்கியாரை வரவழைத்து, பாய் விரித்து உட்கார்ந்து கேட்பார்கள். வில்லிபுத்தூரார் பாட்டு ஒன்று, அதற்கு வசனம் பத்து என்று இரவு நகரும்.

அந்தப் பந்தலில் மற்ற நாட்களில் பேச்சும் சிரிப்பும் கேட்கும். பதின்மூன்றாம் நாள் போர் தொடங்கினால் சத்தம் அடங்கிவிடும். அபிமன்யு விழுகிற நாள் அது. கதை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்பார்கள்.

அன்று கௌரவர் படைக்குத் தலைவர் துரோணர். வியூகத்தை வகுத்தவரும் அவர்தான். உள்ளே புகுந்து அடித்து நொறுக்குகிற பதினாறு வயதுப் பிள்ளை அவருடைய முதல் மாணவன் அர்ச்சுனனின் மகன். வியாச பாரதத்தில் இந்த இடம் மிக நுட்பமானது. துரோணர் அந்தப் பையனின் வில்வேகத்தைப் பார்த்து மகிழ்ந்துபோய், பக்கத்திலிருப்பவர்களிடம் வாய்விட்டுப் புகழ்கிறார். துரியோதனனுக்கு அது பொறுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கர்ணன் வந்து, இவனை எப்படி வீழ்த்துவது என்று கேட்கிறான். துரோணர் வழி சொல்லிக்கொடுக்கிறார். கையில் வில் இருக்கும்வரை இவனை வெல்ல முடியாது, முதலில் வில்லை அறுத்துவிடு, தேரையும் குதிரையையும் இல்லாமல் செய், பிறகு அடி என்பது அதன் சாரம். கர்ணன் வில்லை அறுக்கிறான். கிருதவர்மன் குதிரைகளைக் கொல்கிறான். பிறகு எல்லோருமாகச் சூழ்ந்து அந்தப் பிள்ளையைக் கொல்கிறார்கள்.

புகழ்ந்த வாயும் கொல்லும் வழி சொன்ன வாயும் ஒன்று. திரையில் வருகிற கொடிய ஆசான்களுக்கெல்லாம் மூலவர் அந்தப் பதின்மூன்றாம் நாள் துரோணர் என்பது என் எண்ணம். அதை விளக்க, முதலில் கலிபோர்னியாவுக்குப் போய்வர வேண்டும்.

1984-இல் வெளிவந்த அமெரிக்கப் படம் 'தி கராத்தே கிட்'. இயக்கியவர் ஜான் அவில்ட்சன். கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். நியூ ஜெர்சியிலிருந்து அம்மாவோடு கலிபோர்னியாவுக்குக் குடிவந்த டேனியல் என்ற பையனைப் பள்ளியில் ஒரு கும்பல் அடிக்கிறது. அடிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே கராத்தே கூடத்தில் பயின்றவர்கள். அந்தக் கூடத்தின் பெயர் கோப்ரா காய். அதன் ஆசான் ஜான் கிரீஸ், வியட்நாம் போருக்குப் போய்வந்த சிப்பாய். இரக்கம் என்ற ஒன்று கிடையாது என்பதுதான் அவர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். மார்ட்டின் கோவ் என்ற நடிகர் அந்த வேடத்தை ஏற்றார். உலகத் திரையில் கொடிய சண்டை ஆசிரியர் என்றால் இன்றும் முதலில் நினைவுக்கு வரும் முகம் அவருடையதே.

படத்தின் கடைசியில் போட்டி. அரையிறுதியில் கிரீஸ் தன் மாணவன் பாபியைக் கூப்பிட்டு, டேனியலின் முழங்காலை அடித்து அவனைக் களத்தில் நிற்க முடியாமல் ஆக்கச் சொல்கிறார். நான் அவனை வெல்ல முடியும், எதற்கு இது என்று பையன் கெஞ்சுகிறான். ஆசான் அசையவில்லை. பையன் அடிக்கிறான், அடித்த கையோடு கீழே கிடப்பவனிடம் மன்னிப்புக் கேட்கிறான். இறுதி ஆட்டத்தில் ஜானி என்ற தலைமாணவனுக்கு அடுத்த கட்டளை வருகிறது. ஏற்கெனவே அடிபட்ட அந்தக் காலையே வாரிவிடு என்கிறார் ஆசான். ஜானியின் முகத்தில் ஒரு கணம் அதிர்ச்சி தெரிகிறது. பிறகு அவனும் செய்கிறான்.

காலை வாருவது என்றால் நமக்கு என்ன பொருள் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் மொழியில் அது சண்டை அடவாக இருந்து துரோகத்துக்கே பெயராகிவிட்ட சொல். அந்தக் காட்சியைப் பார்க்கிற தமிழ்க் காதுக்கு அந்தக் கட்டளையில் இரண்டும் சேர்ந்தே கேட்கும்.

இந்தக் கிரீஸ் எங்கிருந்து வந்தார்? திரைக்கதை எழுதிய ராபர்ட் மார்க் கேமனின் வாழ்க்கையிலிருந்து வந்தார். 1964-இல் நியூயார்க்கில் உலகக் கண்காட்சி நடந்தபோது, பதினேழு வயதுக் கேமனை அங்கே ஒரு கும்பல் அடித்துப் போட்டது. திருப்பி அடிக்க வேண்டும் என்ற வெறியில் அவர் கராத்தே பயிலப் போனார். முதலில் வாய்த்த ஆசிரியர் மரைன் படை மரபில் வந்தவர், பழிவாங்குவதையே கலையாகச் சொல்லிக்கொடுத்தவர். கேமனுக்கு அது ஒட்டவில்லை. அவரை விட்டு விலகி, ஒகினாவாவின் கோஜு-ரியூ மரபில் வந்த வேறொரு ஆசிரியரிடம் சேர்ந்தார். அந்த மரபைத் தோற்றுவித்தவர் சோஜுன் மியாகி (1888-1953). படத்தில் வரும் நல்லாசான் மியாகிக்குப் பெயர் அங்கிருந்து வந்தது. கெட்ட ஆசானுக்கு உருவம் அந்த முதல் ஆசிரியரிடமிருந்து வந்தது. ஒரு மாணவனுக்கு அடுத்தடுத்து வாய்த்த இரண்டு ஆசிரியர்கள், இருபது ஆண்டு கழித்து ஒரே படத்தின் இரு துருவங்களாக எதிரெதிரே நின்றார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். கிரீஸைப் படைத்தவர் ஆசானை விட்டு வெளியேறிய மாணவர். வெளியேறியதால்தான் அவரால் அந்த ஆசானை வில்லன் என்று துணிந்து எழுத முடிந்தது.

நம்மிடம் அது அவ்வளவு எளிதில் நடக்கவில்லை.

கம்பு சுற்றப் போகிற பிள்ளை முதல் நாளில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழத்தோடு போவான். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, ஆசான் காலைத் தொட்டு, அவர் கையால் கம்பை வாங்குவான். அன்று முதல் ஆசானை எதிர்த்துப் பேசுவதில்லை. மாதா, பிதா, குரு என்று வரிசை சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். குரு செய்வது கொடுமையாகவே தெரிந்தாலும், அதற்குள் ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பத்தான் நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். துரோணர் ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டு வாங்கிய கதையை நாம் சொல்கிற விதமே இதற்குச் சாட்சி. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது குருபக்தியின் பெருமையாகத்தான் நெடுங்காலம் சொல்லப்பட்டது. விரலைக் கொடுத்தவனைப் புகழ்ந்தோம். கேட்டவரைக் கேள்வி கேட்கவில்லை.

அதனால் தமிழ்த் திரையில் கொடிய ஆசான் ஆசானாகவே வரமுடியவில்லை. வேறு வேடம் போட்டுத்தான் வந்தார். அந்த முதல் வேடத்தைத் தைத்துக்கொடுத்தது எங்கள் டெல்டா.

கும்பகோணத்திலிருந்து தொடங்கலாம். கண்டியில் 1917-இல் பிறந்த எம்.ஜி. ராமச்சந்திரன், தந்தை இறந்த பிறகு தாய் சத்தியபாமாவோடும் அண்ணன் சக்கரபாணியோடும் கும்பகோணத்தில்தான் வளர்ந்தார். ஆனையடிப் பள்ளியில் சில வகுப்புகள். பிறகு வறுமை நாடகத்துக்கு அனுப்பியது. அண்ணனும் தம்பியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார்கள். அங்கே அவருக்கு வாத்தியாராக வாய்த்தவர்களில் ஒருவர் காளி என். ரத்தினம், கும்பகோணத்தை அடுத்த மலையப்பநல்லூர்க்காரர். 'கோவலன்' நாடகத்தில் காளி வேடம் கட்டியதால் பெயருக்கு முன்னால் காளி ஒட்டிக்கொண்டது. பின்னாளில் 1941-இல் 'சபாபதி' படத்தில் வேலைக்காரனாக வந்து நாட்டையே சிரிக்கவைத்தவரும் அவரே.

பாய்ஸ் கம்பெனி வாத்தியார் என்பவர் பாட்டு, வசனம், நடை, வாள்வீச்சு எல்லாவற்றுக்கும் பொறுப்பு. பிள்ளைகள் வீட்டை விட்டு வந்தவர்கள், கம்பெனி வீட்டில் சாப்பிட்டு அங்கேயே தூங்குகிறவர்கள். வாத்தியார் கையில் பிரம்பு இருக்கும். அடி பாடத்தோடு சேர்ந்தது என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட காலம் அது. அந்தக் கம்பெனிகளில் வளர்ந்த தலைமுறைதான் பிறகு தமிழ்த் திரையை ஆண்டது. எம்.ஜி.ஆர், சிவாஜி கணேசன், பி.யு. சின்னப்பா, டி.கே.எஸ். சகோதரர்கள், எம்.என். நம்பியார் என்று யாரை எடுத்தாலும் கம்பெனிப் பிள்ளைதான். அவர்களில் எவரும் தம் வாத்தியாரைக் கொடியவராகத் திரையில் காட்டவில்லை. எம்.ஜி.ஆருக்கு ரசிகர்கள் சூட்டிய பெயரே வாத்தியார்தான். அடி வாங்கிய தலைமுறையிடம் அந்தச் சொல் மரியாதையாகவே நின்றது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. சோறு போட்டு வித்தையும் கொடுத்தவரை ஏழைப் பிள்ளை எப்படி வில்லனாக நினைப்பான்? ஆனால் அடியின் நினைவு எங்கேயாவது போய்த் தங்கத்தானே வேண்டும்.

கும்பகோணத்துப் பிள்ளை நாடகத்தில் வாள் சுழற்றிக்கொண்டிருந்த காலத்தில், கீழே திருக்குவளையில் 1924-இல் இன்னொரு பிள்ளை பிறந்தார். திருவாரூரில் பள்ளிப் படிப்பு. கம்பெனியில் சேரவில்லை, வாத்தியார் பிரம்புக்குக் கீழே வசனம் ஒப்பிக்கவில்லை. இந்த வேறுபாடு முக்கியம் என்று நினைக்கிறேன். மு. கருணாநிதிக்கு ஆசான் என்பவர் பணிந்து கும்பிடும் உருவமாக வாய்க்கவில்லை. திராவிட இயக்கத்தில் நின்று, அரசனுக்கு அருகில் யார் உட்கார்ந்திருக்கிறார், என்ன சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்வி கேட்கப் பழகியவர் அவர்.

ஜுபிடர் பிக்சர்ஸுக்காக ஏ.எஸ்.ஏ. சாமி 1947-இல் 'ராஜகுமாரி' எடுத்தபோது கருணாநிதி வசனத்தில் உதவினார். எம்.ஜி.ஆர் கதாநாயகனாக நடித்த முதல் படம் அது. அடுத்த ஆண்டு, அதே ஜுபிடர் எடுத்த படம் 'அபிமன்யு'. எம்.ஜி.ஆர் அர்ச்சுனன். கருணாநிதி வசனம் எழுதினார், ஆனால் திரையில் அவர் பெயர் வரவில்லை. மனம் கசந்து திருவாரூருக்குத் திரும்பிவிட்டார்.

அபிமன்யு கதைக்கு வசனம் எழுதிவிட்டுத் திருவாரூரில் வந்து உட்கார்ந்திருந்த அந்த இளைஞர், அடுத்து எழுதிய பெரிய படத்தில் வில்லனாக்கியது ஒரு குருவை. இதைத் தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

அந்தப் படம் 'மந்திரி குமாரி'. முதலில் நாடகமாக இருந்தது. கதைக்கரு ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியில் இருந்து எடுத்தது. திருவாரூர்ப் பக்கத்துக்காரர் கவி கா.மு. ஷெரீப், கருணாநிதியை சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்திடம் அறிமுகம் செய்துவைத்தார். எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்க, 1950-இல் படம் வந்தது. முல்லை நாட்டில் அரசன் பெயருக்குத்தான் அரசன். ஆட்டிவைப்பவர் ராஜகுரு. தன் மகன் பார்த்திபனைத் தளபதியாக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அரசனோ வீரமோகனைத் தளபதியாக்கிவிடுகிறான். வீரமோகனாக எம்.ஜி.ஆர். பதவி கிடைக்காத பார்த்திபன் கொள்ளைக்காரனாகிறான். கொள்ளையே ஒரு கலை என்று வாதாடுகிறான். தன்னை நம்பிய மனைவியை மலை உச்சிக்கு அழைத்துப்போய்த் தள்ளப் பார்த்து, அவள் கையாலேயே விழுந்து சாகிறான். எஸ்.ஏ. நடராஜன் அந்த வேடத்தில் பேர் வாங்கினார்.

ஆனால் என் கண் பார்த்திபன் மேல் இல்லை, அவன் அப்பா மேல். ராஜகுரு வாளைத் தொடுவதில்லை. கம்பு சுற்றச் சொல்லித்தருவதில்லை. அதனால் இவரைச் சண்டை ஆசான் வரிசையில் சேர்க்கலாமா என்று யாராவது கேட்டால், கேட்பதில் நியாயம் உண்டு. நான் சேர்க்கிறேன். தளபதிப் பதவி யாருக்கு என்பதில்தான் அவருடைய முழுச் சூழ்ச்சியும் சுழல்கிறது. போரிடும் உரிமையைத் தகுதியுள்ளவனிடமிருந்து பறித்துத் தன் பிள்ளைக்குக் கொடுக்க நினைக்கிற குரு அவர். துரோணர் ஏகலைவனின் விரலைக் கேட்டது எதற்காக? அர்ச்சுனனுக்கு மேல் ஒருவன் வந்துவிடக் கூடாது என்பதற்காக. இரண்டும் ஒரே கணக்கு. கருணாநிதி செய்தது, அந்தக் கணக்கைக் குருபக்தி என்ற போர்வையை நீக்கிவிட்டு அப்படியே வெளியே எடுத்து வைத்ததுதான். புராணப் பெயர் இல்லை, சாபம் இல்லை, விதி இல்லை. குருவின் ஆசை மட்டும்.

ராஜகுருவாக நடித்தவர் நம்பியார். நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்து, மாதம் சில ரூபாய் சம்பளத்தில் வளர்ந்தவர். கையைப் பிசைந்துகொண்டு, கண்ணை உருட்டி, குரலைத் தாழ்த்திப் பேசும் வில்லனை ஒரு தலைமுறைக்கே மனதில் பதியவைத்தார். வாழ்க்கையில் அவர் மரக்கறி உண்பவர், ஐயப்ப பக்தர், ஆண்டுக்கணக்காகச் சபரிமலைக்குக் கூட்டத்தை நடத்திச் சென்ற குருசாமி. படத்தில் கெட்ட குருவாக நடித்தவரின் காலில் விழுந்து மாலை போட்டுக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். 2008-இல் அவர் இறந்தபோது அந்த மாணவர்களும் அழுதார்கள்.

ராஜகுரு போட்ட பாதையில் பிறகு அரசவைப் படங்களில் எத்தனையோ சூழ்ச்சிக்கார குருக்கள் வந்தார்கள். நேரடியாக ஆயுதப் பயிற்சி தருகிற ஆசான் மட்டும் வில்லனாகவில்லை. அவரைப் புராணம் காப்பாற்றிக்கொண்டே இருந்தது. 1964 பொங்கலுக்கு வந்த 'கர்ண'னை எடுத்துக்கொள்ளுங்கள். பி.ஆர். பந்துலு இயக்கம். தஞ்சாவூரை அடுத்த சூரக்கோட்டையைச் சொந்த ஊராகக் கொண்டாடிய சிவாஜிதான் கர்ணன். குரு பரசுராமர் கர்ணன் மடியில் தலைவைத்துத் தூங்க, வண்டு அவன் தொடையைத் துளைக்கிறது. குருவின் தூக்கம் கலையக் கூடாது என்று பொறுத்துக்கொள்கிறான். ரத்தம் பட்டு விழித்த பரசுராமர், இவ்வளவு வலியைத் தாங்குகிறவன் அந்தணனாக இருக்க முடியாது என்று கண்டுபிடித்து, கற்ற வித்தை வேண்டிய நேரத்தில் மறந்துபோகும் என்று சபிக்கிறார். குருவுக்காகப் பொறுத்த வலியே மாணவனுக்குக் குற்றமாகிவிட்டது. இதைவிடக் கொடுமையான ஆசிரியர் உலகக் கதைகளில் அதிகம் இல்லை. ஆனாலும் அரங்கத்தில் யாரும் பரசுராமரை வெறுத்து எழுந்து வரவில்லை. அந்தணன் என்று கர்ணன் பொய் சொன்னானே, விதி இருந்ததே என்று மனம் சமாதானம் தேடிக்கொண்டது. அவதாரத்தைப் போய் வில்லன் என்று எப்படிச் சொல்வது?

அதைச் சொல்ல இன்னும் நாற்பத்தேழு ஆண்டுகள் ஆயின. இன்னொரு பொங்கலுக்கு, 2011 ஜனவரி 14 அன்று, வெற்றிமாறனின் 'ஆடுகளம்' வந்தது. களம் மதுரை. வித்தை சேவல் சண்டை. ஆசான் பேட்டைக்காரன். வ.ஐ.ச. ஜெயபாலன் என்ற ஈழக் கவிஞர் அந்த வேடத்தில் வந்தார், குரல் ராதாரவியுடையது. மாணவன் கருப்பாகத் தனுஷ். ஆசான் சொல்லைத் தட்டாத பிள்ளை.

ஒரு சேவல் தேறாது என்று தீர்மானித்து, அதன் கழுத்தை அறுத்துவிடச் சொல்கிறார் பேட்டைக்காரன். கருப்புக்கு மனம் வரவில்லை. ஒளித்து வளர்க்கிறான். போட்டியன்று ஆசான் வேண்டாம் என்று தடுத்தும் அதையே களத்தில் இறக்குகிறான். அது ஜெயிக்கிறது. மறுபடியும் ஜெயிக்கிறது. கூட்டம் கருப்பின் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. அந்தக் கணத்தில் பேட்டைக்காரனின் முகத்தைக் காமிரா பார்க்கிறது. என்னைப் பொறுத்தவரை தமிழ்த் திரையில் கொடிய ஆசான் தன் சொந்த முகத்தோடு பிறந்தது அங்கேதான். அதன் பிறகு அவர் செய்வதெல்லாம் நஞ்சு. நண்பர்களைப் பகையாக்குகிறார், பொய்யை விதைக்கிறார், தன் இளம் மனைவியையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் எல்லாம் வெளிப்பட்டதும் மாணவன் கண்முன்னே தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறார். அப்போதும் கருப்பு உண்மையை ஊருக்குச் சொல்லவில்லை. ஆசானின் பெயரைக் காப்பாற்ற, பழியைத் தான் சுமந்துகொண்டு ஊரைவிட்டே போகிறான். அந்த நடிப்புக்காக ஜெயபாலனுக்குத் தேசிய விருதுக் குழுவின் சிறப்புப் பாராட்டு கிடைத்தது.

அமெரிக்க மாணவன் ஆசானை விட்டு வெளியேறிப் படம் எழுதினான். நம் மாணவன் ஆசான் செத்த பிறகும் அவர் மானத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். எது மேல் என்று நான் சொல்ல வரவில்லை. கருப்பு ஓடும்போது எனக்கு அவன் மேல் கோபமும் அன்பும் ஒன்றாகத்தான் வந்தன.

இத்தனை ஆசான்களையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. கதை எதுவானாலும், ஆசான் வில்லனாகிற கணம் ஒன்றே. மாணவனுக்கு இரக்கமோ திறமையோ ஆசான் போட்ட கோட்டைத் தாண்டிப் பொங்கிவிடுகிறது. பாபி முழங்காலை உடைக்கத் தயங்குகிறான். கருப்பு சேவலின் கழுத்தை அறுக்கத் தயங்குகிறான். ஏகலைவன் சொல்லித்தராமலே கற்றுவிடுகிறான். அபிமன்யு ஆசான் வகுத்த வியூகத்தையே உடைத்துவிடுகிறான். அந்த நேரத்தில் மனம் குளிர்ந்து விலகி நிற்பவர் நல்லாசான். வில்லை அறு, காலை வாரு, கழுத்தை அறு என்கிறவர் மற்றவர்.

அவருக்கும் ஒரு பிறந்த கதை உண்டு. கிரீஸின் இளமையைக் காட்ட அமெரிக்கர்களுக்கு நெடுநாள் பிடித்தது. 2018-இல் தொடங்கிய 'கோப்ரா காய்' தொடரின் மூன்றாம் பருவத்தில், 2021-இல்தான், அவர் சிறுமைப்பட்ட பையனாக இருந்ததையும், வியட்நாமில் இரக்கமற்ற ஓர் அதிகாரி அவரை வார்த்ததையும் காட்டினார்கள். துரோணரின் இளமையோ பாரதத்தில் முதலிலேயே இருக்கிறது. பாலுக்கு வழியில்லாத வீடு. மாவு கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, பால் குடித்தேன் என்று ஆடிய மகன் அசுவத்தாமன். பழைய நண்பன் துருபதனிடம் போனால், அரசனுக்கும் ஆண்டிக்கும் ஏது நட்பு என்று அவமானம். அந்த அவமானத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அவர் அத்தினாபுரத்தில் வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். படிப்பு முடிந்ததும் கேட்ட தட்சிணை, துருபதனைக் கட்டி இழுத்துவா என்பது. மாணவர்கள் கற்றது ஆசானுடைய பழிக்காகத்தான். நெல் விளைகிற எங்கள் ஊரில் இந்த மாவுத் தண்ணீர்க் கதையைச் சொல்லும்போது பந்தலில் பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள். அவரை நினைத்து இரங்கிய அதே பந்தல், பதின்மூன்றாம் நாள் அவரை நினைத்துக் கசந்து மௌனமாகும். இரண்டு நாளும் ஒரே மனிதர்தான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது பாரதத்தின் பெருமை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. கோவில் திருவிழாவிலும் பொங்கலிலும் மொஹரத்திலும் மட்டும் சுற்றிய கம்பு, இன்று போட்டிக் களத்துக்கு வந்துவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் என்று எங்கு பார்த்தாலும் மாலை வேளையில் பள்ளித் திடல்களில் பிள்ளைகள் கம்பு சுழற்றுகிறார்கள். பெண் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். ஒற்றைக்கம்பு, இரட்டைக்கம்பு, சுருள்வாள், தொடுமுறை என்று பிரிவு பிரிவாகப் பதக்கம். ஒரு கலை பிழைத்துக்கொண்டது என்று எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

கூடவே பயமும் இருக்கிறது. திருவிழாவில் சுற்றும் கம்புக்குத் தோல்வி கிடையாது. பதக்கத்துக்குச் சுற்றும் கம்புக்கு உண்டு. கிரீஸ் தன் முகத்தைக் காட்டியது தெருச்சண்டையில் அல்ல, கோப்பை வைத்த மேடையில். தன் கூடத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழே எத்தனை கோப்பை என்று எண்ணத் தொடங்குகிற ஆசானுக்குப் பிள்ளை ஒரு கணக்காகிவிடுவான். அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் தொடங்குவதே இதைச் சொல்லித்தான். இரண்டாமிடம் வாங்கிவந்த ஜானியின் கோப்பையை உடைத்து, அவன் கழுத்தை நெரிக்கிறார் ஆசான்.

நல்ல ஆசான்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். காசு வாங்காமல், வயல் வேலை முடித்துவிட்டு வந்து, இருட்டும்வரை காலடி சொல்லித்தருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை.

பிள்ளையைச் சேர்க்கப்போகிற அம்மாக்களே, அப்பாக்களே, பயிற்சி நடக்கும் திடலுக்கு முன், போட்டி நடக்கும் இடத்துக்கு ஒருநாள் போய்வாருங்கள். ஜெயித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆடும் ஆசானைப் பார்க்க வேண்டாம், எல்லோரும் ஆடுவார்கள். தோற்ற பிள்ளை கம்பைத் தாழ்த்திக்கொண்டு களத்திலிருந்து வெளியே வரும்போது, அவனுடைய ஆசான் எங்கே நிற்கிறார், என்ன சொல்கிறார் என்று பாருங்கள். அதைப் பார்த்துவிட்டு வெற்றிலை பாக்கு வாங்குங்கள்.